வந்து சொல்லாத கலியாணம்

அத்தியாயம் 17

உடுப்பிட்டியில் றிச்சர்ட் வீட்டில் போன மாதம் மூண்ட சண்டை ஒருவழியாகத் தணிந்துவிட்டது. அப்படி ஒரு வழக்கை அந்த ஒழுங்கைத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. மகளின் கலியாணத்துக்கு வருகிறவர்கள் தாங்கள் வருவதை எதில் அறிவிப்பது, போனிலா தபாலிலா என்பதுதான் வழக்கு.

மகள் ஹன்னா யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அழைப்பிதழின் மூலையில் ஒரு சதுரக் கட்டம் அச்சடித்தால் போதும் என்றாள். போனை அதற்கு மேலே பிடித்தால் ஒரு படிவம் திறக்கும்; இரண்டு தட்டுத் தட்டினால் பதில் அவளுடைய லப்டொப்பில் வந்து விழும்.

தகப்பன் றிச்சர்ட் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையொப்பம் இல்லாத பதில் பதிலே இல்லை என்பது அவர் கட்சி. அமெரிக்கன் மிஷன் சபையில் அவருடைய தாய் தகப்பனின் கலியாணத்துக்கே பதில் அட்டை வைத்தார்களாம். மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் நெல்லியடிக்குப் போய் இருநூறு அட்டை அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னவள் தாய் பியாட்றிஸ். கணித ரீச்சராக இருந்தவள் அல்லவா, கோடு போட்டுப் பிரித்துவிட்டாள். கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் போன். மற்ற எல்லாருக்கும் அட்டை.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். வந்த பதில்கள்தான் ஒரு தீர்ப்புக்கும் அடங்கவில்லை.

சபையின் பழைய பொருளாளர், வருவோர் தொகை கேட்ட கட்டத்துக்குள் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று எழுதி அனுப்பியிருந்தார். கர்த்தருக்குச் சித்தமானால் எத்தனை சாப்பாடு என்று ஹன்னா தகப்பனைக் கேட்டாள். பருத்தித்துறையில் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர் அட்டையைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார், முத்திரையை மட்டும் பக்குவமாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. போன்காரரும் சளைத்தவர்கள் இல்லை. டென்மார்க்கில் இருக்கும் றிச்சர்டின் சகோதரி மகன் ஒருவன் ஒரே பொத்தானை ஏழு தரம் அமத்தி, ஏழு குடும்பமாகப் பெருகி லப்டொப்பில் குந்தியிருந்தான்.

இந்தச் சிரிப்புக்கும் கூத்துக்கும் நடுவில் பியாட்றிஸ் ஒரே ஒரு பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தமக்கை லவீனாவின் பதிலை.

லவீனா இருப்பது தொண்டைமானாற்றில், பாலத்துக்குக் கிட்ட. ஆறு கிலோமீற்றர் கூட வராது. ஆனால் அக்காவும் தங்கையும் கதைத்து எட்டு வருடம் ஆகிறது.

லவீனா கலியாணம் செய்தது பிலிப்புவை. அவர் கத்தோலிக்கர், கடற்றொழில் செய்கிறவர். புரட்டஸ்தாந்து சபைக் குடும்பத்தில் அதை ஒருவரும் வாய்விட்டு ஏசவில்லை. வாய்விட்டு ஏற்கவும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் அப்பா தவறினபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுத்தார்கள். அன்னாரின் அன்பு மருமகன் என்ற இடத்தில் றிச்சர்டின் பெயர் இருந்தது. மூத்த மருமகனான பிலிப்புவின் பெயர் இல்லை. வீட்டு வாசல் படலையில் ஒட்டியிருந்த அந்த அறிவித்தலை லவீனா வாசித்தாள். வாசித்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனாள். பிலிப்பு மட்டும் நின்று, மாமனாரின் பெட்டியைச் சேமக்காலைக் கல்லறை வரைக்கும் தூக்கிவிட்டுத்தான் போனார்.

அறிவித்தலைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பாவின் தம்பி நேசரட்ணம் சித்தப்பா என்று ஊரெல்லாம் கதை. சொன்னவர் அவர்தான். எழுதின கை யாருடையது என்பது சித்தப்பாவுக்கும் பியாட்றிசுக்கும் றிச்சர்டுக்கும் மட்டும் தெரியும்.

தமக்கைக்குக் கலியாணம் சொல்லப் போகவென்று பியாட்றிஸ் மூன்று தரம் சீலை உடுத்தாள். ஒரு தரம் மழை, ஒரு தரம் தலையிடி. மூன்றாம் தரம் ஒரு சாட்டும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. கடைசியில் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் போகிற உறைகளுக்கு நடுவில் தமக்கையின் உறையையும் செருகித் தபாலில் போட்டுவிட்டாள். உள்ளே றிச்சர்டின் பதில் அட்டையும் இருந்தது.

கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள். நாளை காலை பத்து மணிக்குள் சாப்பாட்டுத் தொகையைச் சொல்ல வேண்டும் என்று மண்டபக்காரர் அறிவித்துவிட்டார்கள். அன்று வியாழக்கிழமை. ஹன்னா லீவு போட்டுவிட்டு மேசையில் லப்டொப்பை விரித்துக்கொண்டு இருந்தாள். ஒரு பக்கம் அட்டைக் கட்டு, மறுபக்கம் பட்டியல்.

பியாட்றிஸ் குசினியில் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இஞ்சை ஓடி வாங்கோ. பெரியம்மா பதில் போட்டிருக்கிறா."

மாக் கையோடு ஓடினாள். திரையில் தெளிவாக இருந்தது: திருமதி லவீனா பிலிப்பு. வருகிறோம். இரண்டு பேர்.

பியாட்றிஸ் அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு அந்தப் பெயருக்கு மேலே விரலை வைத்தாள். திரையில் மாப் படும் என்று மற்ற நேரமென்றால் கத்தியிருக்கக்கூடிய ஹன்னா, லப்டொப்பைத் தாய்க்குக் கிட்ட நகர்த்திவைத்தாள். பியாட்றிஸ் நின்ற நிலையிலேயே அழுதாள். எட்டு வருடம் அழாமல் வைத்திருந்த அழுகை. அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைக்க, நெற்றியெல்லாம் மாவாகியது.

அட்டை போன வீட்டிலிருந்து போனில் எப்படிப் பதில் வந்தது என்று ஒருவரும் அந்த நேரம் யோசிக்கவில்லை. சந்தோசம் வந்த வீட்டில் யார் விசாரணை வைக்கிறார்கள். றிச்சர்ட் மட்டும் கையொப்பத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். பியாட்றிஸ் பார்த்த பார்வையில் அதையும் விழுங்கிவிட்டார்.

அன்றைக்கு அவள் சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். தமக்கை வந்தால் தேவாலயத்தில் முதல் வரிசை வாங்கில் இருத்த வேண்டும், ஹன்னாவின் தலையில் போடும் மணமுக்காட்டு நெட்டை எடுத்துவிடுவது பெரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டி பானைக்குச் சொல்லிக்கொண்டு நின்றாள். சிறுவயதில் தாய் இல்லாமல் போன பிறகு அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவள் லவீனா. தன் மகளின் தலையில் அந்தக் கை படவேண்டும் என்ற ஆசை அவளுக்கு ஹன்னா பிறந்த நாளிலிருந்து இருந்தது.

பன்னிரண்டரைக்குத் தபால்காரர் றஞ்சித் படலையில் மணி அடித்தார். நான்கு அட்டைகள் வந்திருந்தன. மூன்றாவது அட்டை லவீனாவுடையது.

அதில் "வருகிறோம்" என்றதும் வெட்டப்பட்டிருந்தது, "வர இயலாது" என்றதும் வெட்டப்பட்டிருந்தது. அடிமட்டம் வைத்து இழுத்த இரண்டு நேர்கோடு. தொகை எழுதுகிற கட்டம் வெறுமை. அதற்குக் கீழே, நீல மையில், உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"எனக்கு இன்னும் ஒருவரும் வந்து சொல்லவில்லை."

பியாட்றிஸ் கதிரையைத் தேடி இருந்தாள்.

அதோடு வழக்கு மறுபடியும் தொடங்கியது. பிந்தி வந்த பதில்தான் கணக்கு, அட்டை செவ்வாய்க்கிழமை போட்டது, போனில் வந்தது நேற்று இரவு என்றாள் ஹன்னா. கைப்பட எழுதினதுதான் செல்லும் என்றார் றிச்சர்ட். எழுதினதில் கையொப்பம் இல்லையே அப்பா என்று மகள் மடக்கினாள். றிச்சர்ட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெய்தான், கையொப்பம் இல்லை. தன் சட்டம் தன்னையே கடித்ததில் அவர் அட்டையை மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் ஹன்னா பெரியம்மாவின் மகன் டிலக்ஷனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஒளிக்கவில்லை. ஹன்னா தனக்கு அனுப்பின படிவத்தில் தாய் தகப்பனுக்கும் சேர்த்துத் தானே போட்டுவிட்டதாகச் சொன்னான். அம்மாவைக் கேட்டால் ஓம் என்றும் சொல்லமாட்டா, இல்லை என்றும் சொல்லமாட்டா, பிறகு எப்படிக் கேட்பது என்று அவனுக்கும் கவலை. நல்ல பிள்ளை. நல்ல எண்ணத்தோடுதான் அமத்தியிருக்கிறான்.

அப்படியென்றால் காலையில் பியாட்றிஸ் அழுத அழுகை தமக்கை மகனின் விரலுக்காக அழுத அழுகை.

ஹன்னாவுக்குத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரையும் தொகையில் சேர்த்தே சொல்லிவிடுவோம், வராவிட்டால் இரண்டு சாப்பாடு மிஞ்சும், அவ்வளவுதானே என்றாள். தேற்றுவதற்காகச் சொன்னதுதான்.

"சாப்பாட்டை ஆர் பிள்ளை கேட்டது," என்றாள் பியாட்றிஸ். "நான் செய்தது பிழை. உன்ரை கொம்மா செய்தது பிழை."

பிழை என்னவென்று ஹன்னாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. அவள் வளர்ந்த காலம் அப்படி. அந்த ஊர்களில் கலியாணத்தை எழுதி அறிவிப்பதில்லை, போய்ச் சொல்லுவார்கள். தாயும் தகப்பனும் சோடியாகப் போய், வீட்டுக்குள் இருந்து, வாயால் சொல்லவேண்டும். கூடப்பிறந்தவளுக்கென்றால் முதல் வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு, வருவீர்களா என்று கேட்கிற வழக்கம் சொந்தத்துக்குள் கிடையாது. கேட்டால், வராமல் விட இடம் வைத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். போய்ச் சொல்லாமல் விட்ட குறையையும், வருவாயா என்று கேட்ட குறையையும் பியாட்றிஸ் ஒரே உறையில் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

ஆனாலும் அந்த அட்டையை அவள் கீழே வைக்கவில்லை. வாசிக்க வாசிக்க அதில் கோபத்தைவிட வேறு ஒன்றுதான் கூடத் தெரிந்தது. வரவே மாட்டேன் என்கிறவள் "வர இயலாது" என்பதை ஏன் வெட்டவேண்டும். "இன்னும்" என்று ஏன் எழுதவேண்டும். போன் படிவத்தில் இரண்டே இரண்டு பொத்தான். அட்டையில்தான் இரண்டையும் வெட்டிப்போட்டு மனதில் உள்ளதை எழுத இடம் இருந்திருக்கிறது. றிச்சர்டின் இருநூறு அட்டையில் இந்த ஒன்றாவது பிரயோசனப்பட்டது என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இஞ்சேருங்கோ, வெளிக்கிடுங்கோ," என்றாள் புருசனிடம். "இப்பவே போய்ச் சொல்லுவம்."

றிச்சர்ட் உடனே எழும்பவில்லை. நேசரட்ணம் சித்தப்பா ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், பட்டியலைப் பார்க்க. கலியாண வரவேற்புக்குத் தலைமை தாங்குகிறவர் அவர். எண்பத்துநான்கு வயது, சபையில் அவர் இரு என்றால் ஒரு பக்கம் முழுவதும் இருக்கும், எழும்பு என்றால் எழும்பும். அவர் முறைத்துக்கொண்டு வராமல் விட்டால் ஒரு நாற்பது கதிரை வெறுமையாகக் கிடக்கும். தொண்டைமானாற்றுக்குப் போனது அவருக்குத் தெரியவந்தால் என்ன சொல்வது என்று றிச்சர்ட் யோசித்தார்.

யோசித்தவர், பிறகு வேறு ஒன்றைச் சொன்னார். மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அண்டைக்குப் பேப்பரிலை என்ரை பேரை மட்டும் பாத்தபோது, பியாட்றிஸ், எனக்கு உள்ளுக்குள்ளை ஒரு புழுகம், ஒரு பெருமை வந்தது. அந்த மனுசன் பெட்டி தூக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

முப்பது வருடம் கூட வாழ்ந்தும் பியாட்றிஸ் அவரிடம் இந்தக் குரலைக் கேட்டதில்லை. அவள் போய் அவருடைய வெள்ளைச் சேட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். வெயில் கொளுத்தியது. அழைப்பிதழ் ஒன்றைப் புதிதாக எடுத்து, உறையில் முத்திரை ஒட்டாமல், "பிலிப்பு அத்தானும் லவீனா அக்காவும்" என்று பியாட்றிஸ் தன் கையால் எழுதியிருந்தாள். பதில் அட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

பிலிப்பு முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே வள்ளத்து இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். இவர்களைக் கண்டதும் எழும்பி, எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்து, அது போதாது என்று மறுபடியும் துடைத்தார்.

"வாங்கோ தங்கச்சி. வாங்கோ றிச்சர்ட். உள்ளை வாங்கோ," என்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றும் அவர் கேட்கவில்லை. உள்ளே பார்த்து, லவீனா, ஆர் வந்திருக்கினம் எண்டு பார் என்று கூப்பிட்டார்.  குசினியில் தேங்காய் துருவிய சத்தம் நின்றது.

உள்ளே போய் இருந்தார்கள். பிலிப்பு மாப்பிள்ளையின் ஊரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், எல்லாம் நல்லது நல்லது என்றார். சுவரில் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. புதுப் பூமாலை போட்டிருந்தது. பியாட்றிஸ் தன் வீட்டுப் படத்துக்குக் கடைசியாக எப்போது மாலை போட்டாள் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

லவீனா வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. தேத்தண்ணி கொண்டுவரவில்லை. நேரே எதிர்க் கதிரையில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

றிச்சர்ட் எழும்பினார். அழைப்பிதழை இரண்டு கையாலும் பிடித்து லவீனாவிடம் கொடுக்காமல் பிலிப்புவிடம் கொடுத்தார்.

"அண்ணை, பிள்ளைக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம். வந்து சொல்லுறதுக்குப் பிந்திப்போனம். நீங்கள் ரெண்டு பேரும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

பிலிப்பு அதை வாங்கினார். எண்ணெய் படாமல் விரல் நுனியால் வாங்கினார். உறையில் எழுதியிருந்த தன் பெயரை ஒரு தரம் வாசித்தார்.

லவீனா அழைப்பிதழைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

"எட்டு வருசம் நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். அப்பான்ரை அறிவித்தலை ஆர் எழுதினது?"

சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம். ஊரே அப்படித்தான் சொல்கிறது, பாதி உண்மையும்கூட. அதைச் சொல்லியிருந்தால் தமக்கை இந்த இடத்திலேயே மனம் இளகி வந்துவிடுவாள் என்று பியாட்றிசுக்குத் தெரியும். ஒரு சொல்லில் கலியாணமும் நிறைவாகும், எட்டு வருடமும் முடியும். நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பெயர் வந்தது. சுவரில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அவர் ஒன்றும் உதவவில்லை.

"நான்தான் எழுதினன், அக்கா," என்றாள். "சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதினன். மருமகன் றிச்சர்ட் எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினார். எனக்குத் தெரியும், இன்னும் ஒரு பேர் இருக்கெண்டு. பேனை என்ரை கையிலைதான் இருந்தது. நான் கேக்கேல்லை. பயந்துபோய் அப்பிடியே குடுத்துவிட்டன்."

லவீனாவின் முகம் சுருங்கியது. அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. தங்கையின் கை இதில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. எழும்பி, குசினிக்குள் போனாள்.

றிச்சர்ட் தரையைப் பார்த்தார். பிலிப்பு அழைப்பிதழைப் பார்த்தார். அடுப்பில் விறகு தள்ளுகிற சத்தம் கேட்டது, பிறகு ஏனம் கழுவுகிற சத்தம். பியாட்றிசுக்கு, இனி எழும்பிப் போகவேண்டியதுதான் என்று தோன்றியது. போனால் இனி இந்தப் பிறவியில் வரமுடியாது என்றும் தோன்றியது. அதனால் அசையாமல் இருந்தாள்.

லவீனா நாலு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். பியாட்றிசுக்குக் கொடுத்த கோப்பையை உடனே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சித்தப்பாவிலை கோவமா இருக்கிறது எனக்குச் சுகமா இருந்தது. இனி உன்னிலையெல்லோ கோவிக்க வேணும்."

"கோவியுங்கோ அக்கா," என்றாள் பியாட்றிஸ். "கலியாண வீட்டிலை வந்திருந்து கோவியுங்கோ."

லவீனாவின் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்பாக வரப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டது. கோப்பையை விட்டாள்.

அதன் பிறகு அவள் கதைத்ததெல்லாம் மெல்லிய குரலில்தான். டிலக்ஷன் போட்ட பதில் தன்னுடையது அல்ல, அதை அழித்துவிடச் சொன்னாள். ஹன்னாவின் சீலை என்ன நிறம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தான் கேட்டதை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். இவர்கள் புறப்பட எழும்பினபோதுதான் உண்மையான மறுமொழியைச் சொன்னாள்.

"நீ வந்து சொல்லிப்போட்டாய். அது சரி. ஆனா சித்தப்பா இன்னும் உயிரோடை இருக்கிறார். இவர் ஆரெண்டு அவருக்கு முன்னாலை நீ சொன்னாய் எண்டு என்ரை காதிலை விழட்டும். அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்."

அந்தக் கிழவரை இந்த வயதில் என்னத்துக்கு இழுக்கிறாய், விடு என்று பிலிப்பு தடுத்துப் பார்த்தார். எனக்கு உதெல்லாம் பழகிப்போச்சு என்றும் சொன்னார். பழகிப்போச்சு என்று அவர் சொன்ன விதம்தான் பியாட்றிசைக் கூட வருத்தியது.

"உங்களுக்குப் பழகியிருக்கலாம். எனக்குப் பழகேல்லை," என்றாள் லவீனா.

திரும்பி வருகிற வழி முழுவதும் றிச்சர்ட் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சித்தப்பாவிடம் சொல்லலாமே என்றார். முடிந்த பிறகு அக்கா வந்து என்ன செய்வா என்று பியாட்றிஸ் கேட்டாள். கடிதமாக எழுதிக் கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார்.  கேட்ட வாயோடேயே, எழுதி அனுப்பியதில்தான் இவ்வளவும் வந்தது என்று அவருக்கே விளங்கிவிட்டது. வெட்டவெளிக் காற்றோடு அதை விட்டுவிட்டார்.

பியாட்றிசுக்குப் பயமாகத்தான் இருந்தது. தாய் தவறினதில் இருந்து சித்தப்பா சொன்னதற்கு எதிராக அவள் வாய் திறந்ததில்லை. அவளைப் படிப்பித்தவர் அவர். றிச்சர்டை மாப்பிள்ளையாகப் பேசிக் கொண்டுவந்தவர் அவர். கெட்ட மனிதர் என்றால் இவ்வளவு பயம் இருந்திராது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கும் ஒரு மழை வரும், ஒரு தலையிடி வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் ஐந்தரைக்கே வந்திருந்தார். அவருடைய பழைய கார் படலையடியில் நின்றது.

விறாந்தையில் பெரிய கதிரையில் இருந்தார். மடியில் பட்டியல். ஹன்னா பக்கத்தில் நின்று பெயர்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். தாய் தகப்பனைக் கண்டதும் அவள் கண்ணால் ஏதோ கேட்டாள். பியாட்றிஸ் ஓம் என்று தலையை ஆட்டவும் இல்லை, இல்லை என்று அசைக்கவும் இல்லை.

சித்தப்பாவுக்கு மனம் நிறைந்திருந்தது. பட்டியல் வலு ஒழுங்கு என்றார். தன்னுடைய ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் வருவார்கள், பயப்படவேண்டாம் என்றார். பேத்தி கெட்டிக்காரி என்று ஹன்னாவின் கையைத் தட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் இவர்கள் இரண்டு பேரையும், றிச்சர்டின் வெள்ளைச் சேட்டையும், பியாட்றிசின் நல்ல சீலையையும் பார்த்தார்.

"சோடியா வெளிக்கிட்டு எங்கை போட்டு வாறியள்?"

றிச்சர்ட் தொண்டையைச் செருமினார். நெல்லியடிக்கு என்று சொல்லப்போகிறார் என்பது பியாட்றிசுக்குத் தெரிந்தது. அவரைச் சொல்லவிடாமல் ஓரடி முன்னால் வந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கலியாணம் சொல்லப் போனனாங்கள், சித்தப்பா. அப்பாவின்ரை மூத்த மருமகன் வீட்டுக்கு."

ஹன்னாவின் கை லப்டொப்பில் அப்படியே நின்றது. சித்தப்பா பட்டியலை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆற்றை வீட்டுக்கு?"

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதைத் திருப்பிக் கேட்பது, சொன்னவரைப் பின்வாங்க வைப்பதற்கு அவர் வைத்திருக்கிற வழி. சபைக் கூட்டத்தில் எத்தனையோ பேர் அந்த இடத்தில், ஒன்றுமில்லை ஐயா என்று இருந்திருக்கிறார்கள்.

பியாட்றிஸ் பின்வாங்கவில்லை. முப்பது வருடம் பின்வாங்குப் பிள்ளைகளுக்கும் கேட்கப் படிப்பித்த குரலை எடுத்தாள். பக்கத்து வளவில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற பெண் வாளியை வைத்துவிட்டு வேலிக்கு மேலால் பார்த்தாள்.

"பிலிப்பு அத்தான் வீட்டுக்கு, சித்தப்பா. எங்கடை அப்பாவின்ரை மூத்த மருமகன் பிலிப்பு அத்தான். அண்டைக்கு அவற்றை பேரை நான் எழுதாமல் விட்டனான். இண்டைக்கு அவரைப் போய்க் கூப்பிட்டிட்டு வாறன். அவர் முன் வாங்கிலை இருக்கவேணும், உங்களுக்குப் பக்கத்திலை."

 றிச்சர்ட் மெல்ல வந்து மனைவிக்குப் பக்கத்தில், அவளுடைய தோளோடு தோளாக நின்றார்.

நேசரட்ணம் சித்தப்பா மடித்த பட்டியலை மேசையில் வைத்தார். பிறகு கதிரைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலைக் கையால் தேடினார். நாற்பத்திரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் எழும்புகிறாரா, வேறு ஒன்றுக்கா என்று பியாட்றிசுக்கு விளங்கவில்லை.